கடைசிப் பந்து யார் கையில்?

அமெரிக்காவின் தேசிய விளையாட்டு என்று பெயர் பெற்ற பேஸ்பால் ஆட்டத்தில் ஒரு காட்சி அடிக்கடி நடக்கும். ஆட்டம் ஏழாவது அல்லது எட்டாவது இன்னிங்ஸை எட்டியிருக்கும். அதுவரை நன்றாகப் பந்து எறிந்துகொண்டிருந்தவர் திடீரென்று தடுமாறுவார். உடனே ஓரத்துக் கொட்டகையிலிருந்து ஒருவர் எழுந்து, அவசரமே இல்லாதவர் போல் மைதானத்தின் நடுவுக்கு நடந்து வருவார். அவர்தான் கோஷ்டியின் மானேஜர். வயது ஐம்பதோ அறுபதோ இருக்கும். ஆனாலும் ஆட்டக்காரர்களைப் போலவே அவரும் யூனிபாரம் அணிந்திருப்பார். பந்து எறிபவரிடம் கையை நீட்டுவார். அவரும் மறுபேச்சின்றிப் பந்தைக் கொடுத்துவிட்டு வெளியேறுவார்.

பார்வைக்கு இது சாதாரண ஆள் மாற்றம்தான். ஆனால் அந்தச் சில அடி நடையில்தான் மானேஜரின் கெட்டிக்காரத்தனமும் தலைவிதியும் அடங்கியிருக்கின்றன. ஜெயித்தால் புகழ் ஆட்டக்காரர்களுக்கு. தோற்றால் பழி மானேஜருக்கு. ஆட்டத்தின் பிற்பகுதியில் யாரை இறக்குவது, எப்போது இறக்குவது என்ற கேள்வியோடு அவர்கள் மல்லுக்கு நின்ற கதை ஒரு நூற்றாண்டுக் கதை. அதில் விளையாட்டோடு சம்பந்தமில்லாதவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

தீக்குச்சிக் கணக்கு

பேஸ்பால் தெரியாத நேயர்களுக்கு இரண்டொரு விதிகளைச் சொல்லிவிடுவது நல்லது. ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு கோஷ்டிகளும் முறை வைத்து அடிக்கும். மூன்று பேர் அவுட்டானால் முறை மாறும். உள்ளூர்க் கோஷ்டிதான் எப்போதும் இரண்டாவதாக அடிக்கும். ஒன்பது முடிந்தும் ரன்கள் சமமாக இருந்தால், வெற்றி தோல்வி தெரியும் வரையில் ஆட்டம் நீளும்.

பந்து எறிகிறவருக்குப் பிட்சர் என்று பெயர். 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து மணிக்கு 90 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தில் எறிகிறவர்கள் இன்று ஏராளம். நூறு பந்துகளை நெருங்கும்போது எப்பேர்ப்பட்ட கையும் சோர்ந்துவிடும். அப்போது அவருக்குப் பதிலாக இன்னொருவர் வர வேண்டும். இப்படி உதவிக்கு வருகிறவரே ரிலீப் பிட்சர். இவர்கள் காத்திருக்கும் இடத்துக்குப் 'புல்பென்', அதாவது காளைப் பட்டி, என்று வேடிக்கையான பெயர் உண்டு. மானேஜர் அங்கே டெலிபோனில் சொல்லி அனுப்புவார்.

நம் நாட்டில் பிரபலமான கிரிக்கெட்டில், ஓர் ஓவர் போட்டவரைக் காப்டன் நிறுத்தி வைத்து, அரைமணி கழித்து மறுபடி கூப்பிடலாம். பேஸ்பாலில் அந்தச் சலுகை கிடையாது. ஒருமுறை வெளியே போனவர் அந்த ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது. இருட்டில் நடப்பவன் கையில் ஐந்தாறு தீக்குச்சிகள் இருப்பதைப் போன்ற நிலைமை இது. கிழித்த குச்சி கிழித்ததுதான். எந்தப் பள்ளத்துக்கு முன்னால் எந்தக் குச்சியைக் கிழிப்பது என்பதே மானேஜரின் வித்தை.

இன்னொரு நுட்பமும் உண்டு. வலது கையால் எறிகிறவரின் பந்தை, இடது பக்கம் நின்று அடிக்கிறவர் பெரும்பாலும் சுலபமாகக் கண்டு அடித்துவிடுவார். இடது கைப் பிட்சரை எதிர்த்தால் அதே ஆசாமி திணறுவார். ஆகவே அடுத்து யார் அடிக்க வருகிறார் என்று பார்த்து ஆளை மாற்றுவதும் உண்டு.

ஹாரிஸ் செய்த தந்திரம்

ஆதி காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. தொடங்கியவரே முடித்து வைப்பதுதான் ஆண்மை என்று கருதினார்கள். 1890 முதல் 1911 வரை ஆடிய ஸை யங் என்ற மகாவீரர் 815 ஆட்டங்களைத் தொடங்கி, அவற்றுள் 749ஐத் தாமே முடித்தும் வைத்தார். புல்பென்னில் இருந்தவர்கள், ஆரம்பப் பிட்சராகத் தேறாதவர்கள் என்றே எண்ணப்பட்டார்கள்.

இந்த எண்ணத்தை அசைத்தவர்களில் ஒருவர் வாஷிங்டன் செனட்டர்ஸ் கோஷ்டியின் பக்கி ஹாரிஸ். 1924இல் அவருக்கு வயது 27தான். ஆடிக்கொண்டே மானேஜராகவும் இருந்தார். பிர்ப்போ மார்பெரி என்ற பலசாலியை ஆட்டத்தின் பிற்பகுதியில் இறக்குவதை வழக்கமாக்கிக்கொண்டார். அந்த வருஷம் உலகப் பந்தயத்தில் நியூயார்க் ஜயண்ட்ஸுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். அதுவே தீர்ப்பு ஆட்டம். எதிர்க் கோஷ்டியில் பில் டெர்ரி என்ற இடது கை ஆட்டக்காரர் அபாயமானவர். வலது கைப் பிட்சர் எறிந்தால்தான் அவரை இறக்குவார்கள். ஹாரிஸ் என்ன செய்தார் தெரியுமா? வலது கைக்காரரான ஆக்டனைக் கொண்டு ஆட்டத்தைத் தொடங்கினார். டெர்ரியின் பெயர் பட்டியலில் ஏறியது. ஆக்டன் இரண்டே பேருக்கு எறிந்தார். அவரை அனுப்பிவிட்டு இடது கைக்காரரான மாக்ரிட்ஜை இறக்கினார். பிற்பாடு டெர்ரியை ஆட்டத்திலிருந்தே எடுக்கும்படி ஆயிற்று. டெர்ரி போனதும் மார்பெரி வந்தார். சமநிலையில் ஒன்பதாவது இன்னிங்ஸ் பிறந்தபோது, அந்தப் பந்தயத்தில் இரண்டு ஆட்டம் தோற்றிருந்த முதுபெரும் வீரர் வால்ட்டர் ஜான்ஸனைக் கூப்பிட்டார். ஜான்ஸன் நான்கு இன்னிங்ஸ் ரன் எதுவும் கொடாமல் எறிய, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் வாஷிங்டன் 4–3 என்று வென்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹாரிஸுக்கு வழிகாட்ட எந்தச் சூத்திரமும் இல்லை. ஆபத்து எங்கே என்று பார்த்தார்; அங்கே ஆளை அனுப்பினார்.

நிருபர் வகுத்த கணக்கு

உதவிக்கு வருகிறவர்கள் பெருகினார்களே தவிர, அவர்களுக்குப் பெயர் கிடைக்கவில்லை. வெற்றி என்ற பட்டம் அநேகமாக ஆரம்பப் பிட்சரின் கணக்கில் எழுதப்பட்டது. சில சமயம் நேர்மாறான விந்தையும் நடந்தது. 1959இல் பிட்ஸ்பர்க் கோஷ்டியின் எல்ராய் பேஸ், ரிலீப் பிட்சராகவே வந்து 18 வெற்றி, ஒரே தோல்வி என்று பெயர் வாங்கினார். அவற்றுள் சில, அவரே முன்னிலையைப் பறிகொடுத்து, பிறகு சகாக்கள் அடித்துக் காப்பாற்றியதால் வந்தவை!

சிக்காகோ நகரத்துப் பத்திரிகை நிருபர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் இதைக் கண்டு, முன்னிலையைக் கெடாமல் காத்து ஆட்டத்தை முடிப்பவருக்குத் தனியாக ஒரு கணக்கு வைத்தார். அதற்கு 'ஸேவ்' என்று பெயர். காப்பாற்றியது என்று அர்த்தம். 1969இல் இது அதிகாரபூர்வமான கணக்காயிற்று. பின்னர் திருத்தப்பட்ட விதிப்படி, பொதுவாக மூன்று ரன்னுக்கு மேற்படாத முன்னிலையோடு வந்து, ஓர் இன்னிங்ஸாவது எறிந்து, வெற்றியோடு முடிப்பவருக்கு ஒரு ஸேவ் கிடைக்கும்.

நல்ல எண்ணத்தோடு பிறந்த கணக்குத்தான். ஆனால் எதை எண்ணுகிறோமோ அதன் பின்னால் மனிதர்கள் ஓடுவது உலக இயல்பு அல்லவா? ஸேவ் எண்ணிக்கை சம்பளப் பேச்சில் இடம் பிடித்தது. ஆட்டத்தை முடித்து வைப்பவர் தனி ஜாதியானார். அவருக்குக் 'குளோஸர்' என்று பட்டமும் வந்தது.

இதற்கு முழு உருவம் கொடுத்தவர் ஓக்லண்ட் அதலெடிக்ஸ் மானேஜர் டோனி லா ரூஸா. பல வருஷம் ஆரம்பப் பிட்சராக இருந்து, மங்கிப் போயிருந்த டென்னிஸ் எக்கர்ஸ்லியை அவர் கடைசி இன்னிங்ஸுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தார். 1988இல் எக்கர்ஸ்லிக்கு 45 ஸேவ் கிடைத்தன. ஆனைக்கும் அடி சறுக்கும் என்பதற்கேற்ப, அதே வருஷம் உலகப் பந்தயத்தின் முதல் ஆட்டத்தில், இரண்டு கால்களிலும் அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்த லாஸ் ஏஞ்சலீஸ் டாட்ஜர்ஸ் வீரர் கிர்க் கிப்ஸன் அவருடைய பந்தை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டார். ஆனாலும் லா ரூஸா தம் முறையை மாற்றவில்லை. 1992இல் எக்கர்ஸ்லி 51 ஸேவ் எடுத்து, தம் லீகின் சிறந்த பிட்சர், சிறந்த வீரர் என்ற இரு விருதுகளையும் பெற்றார். மற்ற மானேஜர்களும் அந்த வழியையே பின்பற்றினார்கள்.

இந்த முறையில் நியாயமும் இருக்கத்தான் செய்கிறது. உதவிப் பிட்சர் உடனே எழுந்து வந்து எறிந்துவிட முடியாது. முதலில் புல்பென்னில் எறிந்து கையைச் சூடேற்றிக்கொள்ள வேண்டும். சூடேற்றிவிட்டுக் கூப்பிடாமல் விட்டாலும் கை அலுத்துத்தான் போகும். தம் நேரம் ஒன்பதாவது இன்னிங்ஸ் என்று நிச்சயமாகத் தெரிந்தால் உடம்பும் மனமும் அதற்குப் பக்குவப்படும்.

ஏற்பாடு எவ்வளவு கச்சிதமானாலும் விதி குறுக்கே வரும் என்பதற்கும் லா ரூஸாவே சாட்சி. 2011 உலகப் பந்தயத்தின் ஐந்தாவது ஆட்டத்தில் அவர் ஸெயின்ட் லூயி கார்டினல்ஸ் மானேஜர். டெக்ஸாஸ் மைதானத்தின் ஆரவாரத்தில், டெலிபோனில் அவர் சொன்ன மாட் என்ற பெயர் புல்பென்னில் சரியாக விழவில்லை. மறுபடி கேட்டபோது லின் என்று காதில் விழுந்தது! வேண்டியவர் தயாராக இல்லை. இடையில் இருந்தவர் இரண்டு ரன் கொடுத்தார். ஆட்டம் 4–2 என்று போயிற்று. நல்லவேளையாகப் பந்தயம் அவர் கைக்கே வந்தது.

கூப்பிடப்படாத வீரர்

ஸேவ் என்ற கணக்கு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை 2016 அக்டோபர் 4ஆம் தேதி டொரான்டோ நகரம் பார்த்தது. பால்டிமோர் ஓரியோல்ஸுக்கும் டொரான்டோ புளூ ஜேஸுக்கும் ஒரே ஆட்டம். தோற்றவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

பால்டிமோர் குளோஸர் ஸாக் பிரிட்டன். அந்த வருஷம் 47 முறை முன்னிலையைக் காக்க அழைத்தார்கள். 47 முறையும் காத்தார். 67 இன்னிங்ஸில், சகாக்களின் பிழையால் வந்தவை நீங்கலாக, அவர் கொடுத்த ரன்கள் நான்கே நான்கு.

ஆட்டம் 2–2 என்று சமமாக நின்றது. எட்டு, ஒன்பது, பத்து என்று இன்னிங்ஸ்கள் போயின. மானேஜர் பக் ஷோவால்ட்டர், ஆரம்பப் பிட்சருக்குப் பிறகு ஒருவர் பின் ஒருவராக ஆறு பேரை அனுப்பினார். பிரிட்டனைக் கூப்பிடவில்லை. வெளியூர்க் கோஷ்டியின் குளோஸரை, முன்னிலை கிடைக்கும் வரை வைத்திருப்பதுதான் சம்பிரதாயம். சமநிலையில் இறங்கினால் ஸேவும் இல்லை. பிறகு முன்னிலை வந்தால் அதைக் காக்க ஆளும் இல்லை.

ஆனால் உள்ளூர்க் கோஷ்டி கடைசியாக அடிக்கும்போது ஒரு ரன் விழுந்தாலே ஆட்டம் முடிந்துபோகுமே! பதினோராவது இன்னிங்ஸில் ஆறாவது ஆளாக வந்தவர் உபால்டோ ஹிமெனெஸ். முதல் இருவர் அடித்து பேஸ்களில் ஏறினார்கள். மூன்றாமவர் எட்வின் என்கார்னாஸியோன். பந்து வேலியைத் தாண்டியது. 5–2.

பிரிட்டனின் கணக்கில் ஒரு கறையும் இல்லை. அவருடைய கோஷ்டிக்குத்தான் அந்த வருஷம் முடிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து

அக்டோபர் 6ஆம் தேதி கிளீவ்லண்டில் வேறொரு காட்சி. உள்ளூர்க் கோஷ்டி பாஸ்டனை ஒரே ரன்னில் முந்தியிருந்தது. மானேஜர் டெர்ரி பிரான்கோனா, தம்மிடமிருந்த மிகச் சிறந்த ரிலீப் பிட்சரான ஆண்ட்ரூ மில்லரை ஐந்தாவது இன்னிங்ஸிலேயே இறக்கினார். ஜனங்கள் திகைத்தார்கள். எதிரியின் பலமான அடிகாரர்கள் வருவது இப்போதுதான், ஆகவே ஆபத்து இப்போதுதான் என்பது பிரான்கோனாவின் கணக்கு. மில்லர் 40 பந்துகள் எறிந்து இரண்டு இன்னிங்ஸைக் கடத்தினார். கிளீவ்லண்ட் 5–4 என்று வென்றது. அடுத்த சுற்றில் மில்லரே தொடரின் சிறந்த வீரர் என்ற பரிசைப் பெற்றார்.

இதுவும் சர்வரோக நிவாரணி அல்ல. உலகப் பந்தயத்தின் ஏழாவது ஆட்டத்தில் அதே மில்லரும் ரன் கொடுத்தார். எதிர்ப் பக்கம் சிக்காகோ கப்ஸின் சாப்மன் தொடர்ந்து உழைத்துக் களைத்த கையோடு வந்து முன்னிலையைப் பறிகொடுத்தார். முடிவில் பத்தாவது இன்னிங்ஸில் சிக்காகோ 8–7 என்று ஜெயித்தது.

எடுத்தாலும் பழி, விட்டாலும் பழி

2003இல் பாஸ்டன் மானேஜர் கிரேடி லிட்டில், களைத்துப் போன பெட்ரோ மார்டினெஸை எட்டாவது இன்னிங்ஸில் எடுக்காமல் விட்டார். 5–2 என்ற முன்னிலை கரைந்தது, ஆட்டமும் போயிற்று. அத்தோடு அவர் உத்தியோகமும் முடிந்தது. 2020இல் டாம்பா பே மானேஜர் கெவின் காஷ், பிரமாதமாக எறிந்துகொண்டிருந்த பிளேக் ஸ்னெலை 73 பந்துகளோடு நிறுத்தினார். ஒருவரையே மூன்றாம் முறை எதிர்க்கும் அடிகாரர்கள் அவரைப் புரிந்துகொண்டுவிடுவார்கள் என்பது புள்ளிவிவரம். மாற்று ஆள் வந்ததும் லாஸ் ஏஞ்சலீஸ் முந்தியது. 3–1 என்று ஆட்டத்தையும், அதோடு பந்தயத்தையும் வென்றது. முன்னவர் பாசத்தால் கெட்டார். பின்னவர் கணக்கால் கெட்டார் என்று ஜனங்கள் பேசினார்கள்.

2020 முதல் இன்னொரு கட்டுப்பாடும் வந்திருக்கிறது. இறங்கும் பிட்சர், இன்னிங்ஸ் முடிந்தாலொழிய, குறைந்தது மூன்று பேருக்காவது எறிய வேண்டும். ஒருவருக்காக ஓர் ஆள் என்ற பழைய சொகுசு போயிற்று. தேர்வு இன்னும் கடினமாகியிருக்கிறது.

எந்தச் சூத்திரமும் வெற்றியை எழுதிக் கொடுப்பதில்லை என்பது உண்மையே. ஆனால் தோல்வியிலும் தரம் உண்டு. தன்னிடமிருந்த மிகச் சிறந்ததைப் போட்டுப் பார்த்துத் தோற்பது ஒரு வகை. நல்ல நாளுக்கு என்று பெட்டியில் பூட்டி வைத்துவிட்டு, அந்த நாள் வராமலே தோற்பது இன்னொரு வகை. முதலாவது வருத்தத்தோடு போய்விடும். இரண்டாவது, இருந்தும் எடுக்கவில்லையே என்று ஆயுள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருக்கும்.