தொலைக்காட்சி ஏன் கட்டளைக்கு இணங்குவதில்லை?

அந்தி சாய்ந்தால் வாசல் விளக்கு தானே எரிகிறது. படுக்கையறை மின்விசிறி கைப்பேசியின் கட்டளைக்குச் சுழல்கிறது. கூடத்து ஸ்மார்ட் டிவி மட்டும் ‘இணைக்க இயலவில்லை’ என்ற அறிவிப்பையே திரும்பத் திரும்பத் தருகிறது. இத்தகைய சந்தர்ப்பத்தில் பெட்டி பழுதாகிவிட்டதென்று தீர்மானித்து, அதன் அமைப்புகள் அனைத்தையும் அழித்து ஆதிநிலைக்குக் கொண்டுபோக விரைவது பலருக்கும் இயல்பே ஆயினும், பெரும்பாலும் பழுது பெட்டியில் இருப்பதில்லை. விலாசம், அனுமதி, விழிப்பு என்னும் மூன்றில் ஏதேனும் ஒன்று தவறியிருக்கும். அது எது என்பதைக் கிரமமாக ஆராய்ந்து அறிவதே நிவாரணத்துக்கு வழி.

2013-இல் தொடங்கப்பட்டு இன்று உலகெங்கும் பலர் தம் வீடுகளில் நிறுவியுள்ள, வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருளை உதாரணமாகக் கொள்வோம். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியில் இயங்கும் இது, சாம்சங், எல்ஜி முதலிய பல டிவிக்களோடு வீட்டு வலையமைப்புக்குள்ளேயே நேராகப் பேசுகிறது. ஆகையால், டிவியில் யூட்யூப் தடையின்றி ஓடுவதைக் கண்டு இணைப்பு சரியாக இருக்கிறதென்று எண்ணுவது தவறு. டிவிக்கும் வெளியுலகுக்கும் உள்ள மார்க்கம் வேறு. டிவிக்கும் வீட்டுக் கணினிக்கும் உள்ள மார்க்கம் வேறு.

முதலாவது, விலாசம். வீட்டிலுள்ள ஒவ்வொரு சாதனத்துக்கும் ரௌட்டர் வழங்கும் ஐபி எண் நிரந்தரமானதன்று. மின்வெட்டுக்குப் பின் ரௌட்டர் மீண்டும் உயிர்பெறும்போது, நேற்றுவரை 192.168.1.20 என்றிருந்த டிவிக்கு இன்று வேறோர் எண் கிடைக்கலாம்; கணினியோ பழைய எண்ணையே நாடிப் பதில் காணாமல் நிற்கும். டிவியின் வன்பொருள் அடையாளமான மேக் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதற்கென ஒரு ஐபி எண்ணை ரௌட்டரில் ஒதுக்கி வைப்பதே இதற்குப் பரிகாரம். கேபிள் வழி இணைப்புக்கும் வைஃபைக்கும் மேக் எண்கள் வெவ்வேறு என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

விலாசத்தோடு சேர்ந்த இன்னொரு சிக்கலும் உண்டு: ஃபைபர் இணைய நிறுவனம் தந்த ரௌட்டருக்குப் பின்னால் நாமே வாங்கிய மற்றொரு ரௌட்டரையும் மாட்டியிருந்தால், ஒரே கூரையின் கீழ் இரண்டு தனித்தனி வலையமைப்புகள் உண்டாகி, ஒன்றிலுள்ள சாதனம் மற்றதிலுள்ளதைக் காணாதிருக்கக் கூடும். இரண்டாவதை அக்சஸ் பாயிண்ட் முறைக்கு மாற்றினால் இப்பிரிவினை நீங்கும். விருந்தினருக்கான வைஃபையில் டிவியை இணைத்திருந்தாலும் இதே விளைவுதான். அது பிற சாதனங்களிலிருந்து பிரித்து வைப்பதற்கென்றே ஏற்பட்டது.

இரண்டாவது, அனுமதி. கணினி முதன்முறை அணுகும்போது டிவியின் திரையில் ‘அனுமதிக்கலாமா?’ என்ற வினா தோன்றும். சம்மதித்தால் டோக்கன் எனப்படும் இரகசியக் குறியீடு கணினிக்கு வழங்கப்படுகிறது. யாரோ கவனமின்றி ‘மறு’ என்று அழுத்திவிட்டால், டிவி அம்மறுப்பையும் நினைவில் வைத்துக்கொண்டு, பின்னர் வினாவைக் காட்டாமலே கதவடைத்துவிடும். சாம்சங் டிவியின் அமைப்புகளில் வெளிச் சாதனங்களை நிர்வகிக்கும் பகுதிக்குச் சென்று, சாதனப் பட்டியலில் கணினியின் பெயரை நீக்கி, மீண்டும் இணைத்தால் காரியம் கைகூடும். டிவியை ஆதிநிலைக்குக் கொண்டுபோனால், முன்பு அளித்த அனுமதியும் அழிந்துபோகிறது. விலாசத்தில் மட்டும் இருந்த பிழையோடு அனுமதிப் பிழையும் சேர்ந்து, ஒரு சங்கடம் இரண்டாகிறது.

மூன்றாவது, விழிப்பு. அணைக்கப்பட்ட டிவியை வலையமைப்பின் வழியே எழுப்புவதற்கு வேக் ஆன் லேன் என்ற முறை உண்டு. ஆறு பைட்டுகள் கொண்ட ஒரு முகவுரையும், அதைத் தொடர்ந்து டிவியின் மேக் எண் பதினாறு முறையும் அடங்கிய 102 பைட் செய்தியே அதன் சாரம். அச்செய்தியை ஏற்பதற்குரிய அனுமதி டிவியின் அமைப்புகளில் இயக்கப்பட்டிருக்க வேண்டும். இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடும் சிக்கனப் பழக்கமுள்ள வீட்டில், மின்சாரமே இல்லாத பெட்டியை எந்தச் செய்தியும் எழுப்ப இயலாது. இன்னும், ஹோம் அசிஸ்டன்ட், டாக்கர் என்னும் மென்பொருள் கொள்கலனுக்குள் தனி வலையமைப்பில் இயங்குமானால், எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாக அனுப்பப்படும் இச்செய்தி அந்த எல்லையைத் தாண்டாமலே நின்றுவிடும். ஹோஸ்ட் வலையமைப்பு முறைக்கு மாற்றுவது இதற்குத் தீர்வு.

பரிசோதனையின் வரிசை இதுவே: ரிமோட்டால் டிவியை இயக்கி வைத்துக்கொண்டு, கணினியிலிருந்து அதன் ஐபி எண்ணுக்குப் பிங் கட்டளை அனுப்புங்கள். பதில் வராவிடில் முதலில் விலாசத்தை ஆராயுங்கள். பதில் வந்தும் இணைப்பு மறுக்கப்பட்டால் அனுமதியைப் பாருங்கள். இயங்கும்போது இணங்கி, அணைந்தபின் மட்டும் எழ மறுத்தால் விழிப்பைச் சோதியுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவர், கோளாறு தீர்ந்தாலும் அதன் காரணத்தை அறியமாட்டார். எக்காரணம் கொண்டும் போர்ட் எனப்படும் டிவியின் வாயில்களை ரௌட்டரில் இணையத்துக்குத் திறந்துவிடலாகாது; வீட்டுக்குள் நிகழும் இவ்வுரையாடலுக்கு அது அவசியமே இல்லை.

ஒதுக்கிய ஐபி எண், மேக் எண், அனுமதித்த சாதனங்களின் பெயர்கள் ஆகியவற்றை வீட்டார் அனைவரும் எடுத்துப் பார்க்கக்கூடிய ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்பது நலம். வீடு முழுவதற்கும் பயன்படும் ஓர் அமைப்பைச் சீர்செய்யும் அறிவு, அதை நிறுவிய ஒருவரிடம் மாத்திரம் தங்கியிருத்தல் நியாயமன்று.