பெயரோடு ஊரையும் சொன்ன குரல்கள்

எங்கள் தம்பியின் பெயர் வானொலியில் ஒரே ஒரு தடவைதான் வந்தது. 1979ஆம் ஆண்டு, அவனுடைய ஐந்தாவது பிறந்தநாள் அன்று. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தில் ‘பிறந்தநாள் இன்று பிறந்தநாள்’ என்றொரு நிகழ்ச்சி இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அதற்கு அக்கா மூன்று கிழமைக்கு முன்பே தபாலட்டை எழுதிப் போட்டிருந்தாள். அன்று எங்கள் விறாந்தையில் வீட்டார் மட்டுமல்ல, பக்கத்து வளவுக்காரரும் றேடியோவைச் சுற்றி இருந்தார்கள்.

அறிவிப்பாளர் முதலில் தம்பியின் முழுப்பெயரைச் சொன்னார். பிறகு வாழ்த்துகிறவர்கள்: அப்பா, அம்மா, அக்கா, அண்ணா, அம்மம்மா, அம்மப்பா, மாமாமார், மாமிமார், சின்னம்மா, சித்தப்பா, மச்சான்மார், மச்சாள்மார். கடைசியில் ஊர்: மயிலிட்டி. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட இராது. ஊரின் பெயர் வந்ததும் விறாந்தையில் இருந்த எல்லோரும் ஒருதரம் நிமிர்ந்து இருந்தார்கள். அடுத்த பெயர் மட்டக்களப்பில் யாரோ ஒரு பிள்ளையினுடையது.

பழைய வானொலி அறிவிப்பாளர்களைப் பற்றிப் பேசும்போது நாங்கள் குரலைப் பற்றியும் உச்சரிப்பைப் பற்றியும்தான் அதிகம் பேசுகிறோம். அவர்கள் செய்த இன்னொரு வேலையை நான் வெகுகாலம் கழித்துத்தான் விளங்கிக்கொண்டேன். எங்களையும் எங்கள் ஊர்களையும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான்.

கொழும்புக்கு அந்த இடம் எப்படிக் கிடைத்தது

கொழும்பு வானொலி 1925 டிசம்பரில் தொடங்கியது. ஆனால் அதன் குரல் கடல் கடந்ததற்குக் காரணம் ஒரு யுத்தம். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியாவில் நின்ற நேச நாட்டுப் படையினருக்காக ஏக்கலையில் சக்தி வாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் அந்த நிலையமும் சேர்ந்து ‘றேடியோ சிலோன்’ ஆனது. 1950இல் வர்த்தக சேவை ஆரம்பமானது.

அதே காலத்தில் இந்தியாவில் வேறொன்று நடந்தது. 1952இல் ஒலிபரப்புத் துறைக்குப் பொறுப்பாக வந்த அமைச்சர் பி.வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களைப் பெருமளவு குறைத்தார். பாட்டுக் கேட்க விரும்பியவர்கள் முள்ளைக் கொழும்பின் பக்கம் திருப்பினார்கள். 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரை அந்த வெற்றிடத்தை நிரப்பியது இலங்கைதான். அதற்குப் பிறகும் தமிழ்நாட்டின் தென்பகுதியில் எங்கள் அறிவிப்பாளர்கள் வீட்டுப் பிள்ளைகள் போலவே இருந்தார்கள்.

அந்தக் கதிரையில் முதலில் புகழோடு இருந்தவர் எஸ்.பி. மயில்வாகனம். ஐயாவின் தலைமுறைக்கு அவர்தான் வானொலி. எங்கள் தலைமுறைக்குக் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். ராஜாவின் ‘திரை விருந்து’ வந்தால் ஒழுங்கையில் பந்தடிப்பது நின்றுவிடும். மூச்சு விடாமல், ஒரு எழுத்தையும் விழுங்காமல் அவர் பேசுகிற வேகத்தைப் பழகிப் பார்க்காத பெடியன் எங்கள் வகுப்பில் இல்லை. ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்திய அப்துல் ஹமீத் அதற்கு மறுபக்கம். அவசரமே இல்லாத, சுத்தமான தமிழ். ழகரத்தை எங்களுக்குச் சொல்லித் தந்தது பள்ளிக்கூடமா அவரா என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலில் அதட்டலே கிடையாது. அம்மா சமைத்துக்கொண்டு அவரோடு பதில் கதைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இசைத்தட்டும் தபாலட்டையும்

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை எப்படி நடந்தது என்று சொல்லவேண்டும். அப்போது கணினி இல்லை. கலையகத்தில் அறிவிப்பாளருக்குப் பக்கத்தில் இரண்டு இசைத்தட்டுச் சுழலிகள். ஒன்றில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போதே மற்றதில் அடுத்த தட்டை வைத்து, பாட்டுத் தொடங்கும் இடத்தில் ஊசியை நிறுத்தித் தயாராக இருக்கவேண்டும். பேச்சு முடிகிற அதே கணத்தில் இசை எழும்பவேண்டும். இடையில் ஒரு நொடி வெறுமை வந்தாலும் கேட்பவர்களுக்குத் தெரிந்துவிடும். எங்கள் அறிவிப்பாளர்களுக்கு முன்னிசை எத்தனை நொடி என்பதுகூட மனப்பாடம். பாடகர் வாய் திறப்பதற்குச் சற்று முன்னர் அவர்கள் வாய் மூடுவார்கள்.

படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லாவற்றையும் ஒவ்வொரு பாட்டுக்கும் சொல்வது அவர்களின் வழக்கம். திரையில் நாங்கள் கவனிக்காத கவிஞர்களின் பெயர் எங்கள் வாயில் வந்தது அதனால்தான்.

பிறகு தபாலட்டைகள். ‘நீங்கள் கேட்டவை’ போன்ற நிகழ்ச்சிகளுக்குக் கட்டுக்கட்டாக வரும். அவற்றை வாசித்துத் தெரிவு செய்து, ஒரு பாட்டுக்குப் பத்து இருபது பெயர்களைச் சேர்த்து, ஒவ்வொரு பெயரையும் பிழையில்லாமல் சொல்லவேண்டும். அந்தப் பட்டியலை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில் ஹற்றன் வரும். அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் எருக்கலம்பிட்டி. காரைநகருக்குப் பக்கத்தில் வத்தளை. தோட்டத்து லயத்தில் இருந்து எழுதியவரும் மன்னாரில் இருந்து எழுதியவரும் ஒரே பாட்டைக் கேட்டிருப்பார்கள். வடக்கு, கிழக்கு, மலையகம், தெற்கு, தமிழர், முஸ்லிம் என்று நாங்கள் தனித்தனியாகப் பிரிந்து கிடந்த நாட்டில், எல்லோருடைய பெயரும் ஒரே மூச்சில் வந்த இடம் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அதே வானொலியில் மரண அறிவித்தலும் போனது. இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் மைத்துனர் என்று உறவுமுறை ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் ஊர். பிறந்தநாளுக்கு வாழ்த்திய அதே ஆட்கள்தான், ஒழுங்குகூட கிட்டத்தட்ட அதே ஒழுங்குதான். தொலைபேசி இல்லாத வீடுகளுக்குத் தூரத்துச் சாவீட்டுச் செய்தி அப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்த நேரத்தில் அம்மா எங்களைக் கதைக்க விடமாட்டா.

ஒன்றை மறைக்கக்கூடாது. அது அரசாங்க வானொலி. 1983க்குப் பிறகு அதன் செய்தியை எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. செய்தி தொடங்கினால் ஐயா ஒலியைக் குறைப்பார், பாட்டுத் தொடங்கினால் கூட்டுவார். நடந்ததை அறிய இரவு 9.15க்கு லண்டன் பிபிசி தமிழோசையைப் பிடித்தோம். ஒரே பெட்டிக்குள் நம்பாத குரலும் நேசித்த குரலும் இருந்தன. அறிவிப்பாளர்களை நாங்கள் அரசாங்கத்தோடு சேர்த்து ஒருநாளும் எண்ணியதில்லை.

ஆறு வோல்ட்

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியது. வலிகாமம் வடக்கிலிருந்து எல்லோரும் வெளியேறினோம். இரண்டு நாளில் திரும்பலாம் என்று நினைத்து, உலர்ந்துகொண்டிருந்த வலையை மடிக்காமல் ஐயா வந்தார். மல்லாகத்தில் ஒரு கொட்டிலில் இருந்தோம். குடாநாட்டில் மின்சாரம் நின்றது. தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பற்றரியும் இருந்தது. பழைய பற்றரிகளை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கால் மணித்தியாலம் பிழிந்தெடுப்போம். அதுவும் முடிந்தபோது சைக்கிள் வந்தது.

அது எப்படி வேலை செய்தது என்றால், நான்கு பற்றரி போடுகிற றேடியோவுக்குத் தேவை 6 வோல்ட். சைக்கிள் விளக்குக்கான டைனமோவும் 6 வோல்ட்தான் தரும். ஆனால் டைனமோ தருவது ஆடலோட்ட மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது நேரோட்டம். இரண்டுக்கும் நடுவில் நான்கு டயோட்டும், இரைச்சலைக் குறைக்க ஒரு கொண்டென்சரும் பற்றவைத்தால் காரியம் முடிந்தது. சுன்னாகத்தில் ஒரு றேடியோ திருத்துநர் பழைய பெட்டிகளைக் கழற்றி இதைச் செய்து தந்தார். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்றவேண்டும். சுற்றுவது குறைந்தால் குரல் தேய்ந்து கரகரக்கும். கூடினால் றேடியோ எரிந்துவிடும் என்று பயம். சீராகச் சுற்றவேண்டும்.

எங்கள் கொட்டிலில் சுற்றுகிறவன் தம்பி. அப்போது அவனுக்குப் பதினாறு வயது. செய்திக்கு எல்லோரும் முறை வைத்துச் சுற்றுவார்கள். பாட்டுக்கு அவன் மட்டும்தான். கை நோகிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த நாட்களில்தான் ஒன்றைக் கவனித்தேன். விருப்பப் பாடல் நிகழ்ச்சிகளில் மயிலிட்டி என்ற சொல் வரவில்லை. பலாலி இல்லை, தையிட்டி இல்லை. ஊரில் ஆளே இல்லாதபோது அங்கிருந்து அட்டை எப்படி வரும்? அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். எருக்கலம்பிட்டியும் சோனகதெருவும் அப்படியே போயின. அவர்களுடைய ஊர்ப் பெயர்கள் இல்லாமல் போனதை நான் அப்போது கவனிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும்.

குரல்களுக்கும் அதே கதிதான். கே.எஸ். ராஜா போர்க்காலத்தில் கொழும்பில் கொல்லப்பட்டார். சிரிக்கவைப்பதையும் பாட்டுப் போடுவதையும் தவிர அந்தக் குரலிடம் நாங்கள் வேறு எதையும் கேட்டதில்லை. இன்னும் பல அறிவிப்பாளர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள். லண்டனிலும் கனடாவிலும் புதிதாகத் தொடங்கிய தமிழ் வானொலிகளில் அவர்களைக் கேட்டவர்கள், ஊருக்கே போய்வந்தது போல இருந்தது என்று கடிதம் எழுதினார்கள். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் காலமானார். பாடல்கள் இசைத்தட்டில் இருந்ததால் தப்பின. ஆனால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நேரடியாகச் சொன்ன எங்கள் பெயர்களை யாரும் பதிந்து வைக்கவில்லை. அவை காற்றோடு போனவை.

பட்டியல்

மயிலிட்டித் துறைமுகப் பக்கம் 2017 ஜூலையில் விடப்பட்டது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வீடு இருந்த இடத்தைக் கிணற்றை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். விறாந்தை எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று எங்களுக்குள் சின்ன வாக்குவாதம் வந்தது. றேடியோ வைத்த யன்னல் கடலைப் பார்த்தது என்று அம்மா சொன்னா. அதோடு முடிந்தது.

அந்தப் பிறந்தநாள் பட்டியலில் இருந்தவர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தேன். அம்மம்மாவும் அம்மப்பாவும் முகாமில் போனார்கள். ஐயா 1995 இடப்பெயர்வுக்கு அடுத்த ஆண்டு. பெரிய மாமா கடலில். சின்னம்மா குடும்பம் பாரிஸில். மச்சான் ஒருவர் முள்ளிவாய்க்காலில். தம்பியைப் பற்றி 2009 மே மாதத்துக்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை.

இதை வாசிக்கிற மூத்தவர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கு அட்டை போனது? யாருடைய பெயர்கள் வாசிக்கப்பட்டன? நினைவிருந்தால் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எங்கள் ஊர்களில் யார் யார் ஒன்றாக இருந்தார்கள் என்பதற்குப் பல இடங்களில் வேறு பதிவு மிஞ்சவில்லை. தம்பியின் பிறப்புச் சான்றிதழும் இடப்பெயர்வில் தொலைந்துதான் போனது.

காணாமல் போனவர்களைப் பற்றிய விசாரணை ஒன்றுக்கு அம்மாவோடு போயிருந்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பிள்ளை படிவத்தை எடுத்து, மகனின் முழுப்பெயரைச் சொல்லுங்கோ அம்மா என்றாள். அம்மா பெயரைச் சொன்னா. நிறுத்தவில்லை. பிறந்த திகதி, அப்பா, அம்மா, அக்கா, அண்ணா, அம்மம்மா, அம்மப்பா, மாமாமார், மாமிமார், சின்னம்மா, சித்தப்பா, மச்சான்மார், மச்சாள்மார், மயிலிட்டி என்று அதே ஒழுங்கில், அதே நிதானத்தில் சொல்லி முடித்தா. அந்தப் பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியில் வந்த பிறகு, ஏனம்மா எல்லாற்றை பேரையும் சொன்னனீங்கள் என்று கேட்டேன்.

“றேடியோவில அப்பிடித்தானே சொன்னவை” என்றா அம்மா.