காலடியில் உடையும் பனி

திட்டக்குடியில் வெள்ளாற்று மணலை அள்ளிக் குவித்துப் பாருங்கள். காய்ந்த மணல் சுமார் 34 பாகைச் சாய்வு வரை நிற்கும். அதற்கு மேல் பொலபொலவென்று சரியும். இமயமலைப் பனி எப்போதும் அப்படி உதிர்வதில்லை. ஆளைக் கொல்லும் பனிச்சரிவு பெரும்பாலும் பலகை பலகையாகப் பெயர்கிறது, அதுவும் 30 முதல் 45 பாகை சாய்ந்த இடங்களில்.

காரணம் பனியின் அடுக்குகள். கடுங்குளிர் நாட்களில் தரையை ஒட்டிய பனியும் மேற்பரப்புப் பனியும் ஒன்றோடொன்று ஒட்டாத பரல்களாகிவிடும். அதன்மேல் புதுப்பனி விழுகிறது. காற்றும் தன் பங்குக்கு அள்ளிக் கொட்டுகிறது. மேலடுக்கு இறுகிவிடும், அடியில் பிடிமானம் இருக்காது. ஒருவர் நடந்தாலே பரல் அடுக்கு நொறுங்கி, விரிசல் நொடியில் மலைச்சரிவெங்கும் ஓடும். மலையேறிகள் மாண்ட விபத்துகளில் பத்தில் ஒன்பதில் பனியைக் கிளப்பிவிட்டது அவர்களோ, உடன் சென்றவர்களோதான்.

சியாச்சின் பனியாற்றில் நடந்த விபத்து வேறு வகை. 2016 பிப்ரவரி 3 அன்று, 19,600 அடி உயரத்திலுள்ள சோனம் காவல்நிலை மீது பெரும் பனிச்சுவர் இடிந்து விழுந்தது. மெட்ராஸ் ரெஜிமென்டின் 19-ஆவது பட்டாலியனோடு இருந்த பத்து வீரர்கள் புதைந்தார்கள். அவர்களில் நால்வர் தமிழர்கள். பத்துப் பேரில் ஆறாம் நாள் உயிருடன் மீட்கப்பட்ட ஒரே வீரரான ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11 அன்று டெல்லி மருத்துவமனையில் இறந்தார்.

அவ்வளவு நாள் தாங்குவது அபூர்வம். புதைந்தவரைப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி நேரம் கடந்தால் மூன்றில் ஒருவர் பிழைத்தாலே அதிகம். பெரும்பாலோர் மூச்சு முட்டியே இறக்கிறார்கள். ஹெலிகாப்டர் வரும்வரை உயிர் காத்திருக்காது. ஆகவே ஒவ்வொருவரிடமும் சமிக்ஞைக் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி மூன்றும் இருக்க வேண்டும்.

அபாயத்தைப் பனியும் வானிலையும் பல நேரம் சொல்லிவிடும்: பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம், காலடியில் ஓடும் விரிசல், 'தொம்' என்று அடங்கும் ஓசை, கனத்த பனிப்பொழிவுக்கு அடுத்த நாள், திடீர் வெயில். சண்டிகரிலுள்ள ராணுவ ஆய்வு நிறுவனமான டிஜிஆர்இ பனிச்சரிவு முன்னறிவிப்புகளையும் வெளியிடுகிறது.

குளிர்கால மலையேற்றத்துக்குப் பணம் கட்டும் நம் பிள்ளைகளே, அன்றைய முன்னறிவிப்பு என்ன, அந்த மூன்று கருவிகளும் உண்டா என்று அழைத்துச் செல்பவரிடம் முதலில் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரோடு மலை ஏறாதீர்கள்.