நெடுந்தூரம் மிதிக்க விரும்பும் பெண்களே, சைக்கிள் வாங்கும் முன் அளந்து பாருங்கள்

ஈப்போ:

என் பாட்டி சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். லயத்திலிருந்து நெரைக்குப் போக அவருக்குக் கிடைத்தது தாத்தாவின் ஆண்கள் சைக்கிள்தான். கால் எட்டாது. அதனால் சீட்டை அடிவரை இறக்கி, முழங்கால் நெஞ்சில் இடிக்க மிதிப்பாராம். வயதான பிறகு முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சைக்கிளும் பேச்சில் வந்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு ரோட் பைக் வாங்கினேன். “இது பெண்களுக்கானது” என்று கடைக்காரர் காட்டினார். இளஞ்சிவப்பு நிறம், மெத்தென்ற சீட். முதல் நெடும்பயணத்தில் பத்துகாஜாவைத் தொடும் முன்பே விரல்கள் மரத்துப் போயின. உட்காரவும் முடியவில்லை. இரண்டே மாதத்தில் அது துணி காயப்போடும் கம்பியாகிவிட்டது. பல மாதச் சேமிப்பு வீணானதைவிட, “நமக்கு இதெல்லாம் ஒத்துவராது” என்று நானே நம்பத் தொடங்கியதுதான் பெரிய இழப்பு. இதே காரணத்தால் சைக்கிளை ஓரங்கட்டிய தோழிகள் எனக்குச் சிலர் உண்டு.

‘லேடீஸ் சைக்கிள்’ என்றால் என்ன?

குறுக்குக் கம்பி தாழ்ந்த சைக்கிள் பெண்ணின் உடையை நினைத்துச் செய்யப்பட்டது. உடல் அளவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1894இல் போஸ்டனிலிருந்து உலகப் பயணம் கிளம்பிய ஆனி லண்டன்டெரி, பாவாடையோடு ஏறிய கனமான பெண்கள் சைக்கிளைச் சிகாகோவில் விட்டுவிட்டு, அதில் பாதி எடையே இருந்த ஆண்கள் சைக்கிளுக்கு மாறினார். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றபோது, பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினர். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று.

பெண்களுக்கென்றே 1985இல் டெர்ரி நிறுவனமும், 2008இல் ஜெயண்ட் நிறுவனத்தின் லிவ் பிராண்டும் வந்தன. வேறு சில பெரிய நிறுவனங்களோ, இருபாலருக்கும் ஒரே பிரேமைச் செய்து சீட்டையும் ஹேண்டலையும் மட்டும் மாற்றித் தருகின்றன. ஆகவே பெயர்ப்பட்டையை நம்பாமல், உங்கள் உடலை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

முதலில் சீட்

நம் எடையைத் தாங்க வேண்டியவை இடுப்பின் அடியில் உள்ள இரு உட்காரும் எலும்புகள். பெண்களுக்கு இவற்றின் இடைவெளி பொதுவாகச் சற்று அதிகம். சீட் குறுகலாக இருந்தால் எடை நடுவிலுள்ள மென்மையான தசையில் இறங்கும். தடித்த பஞ்சு சீட்டிலும் இதே தொல்லைதான். எலும்பு உள்ளே அமிழ, நடுப்பகுதி மேலெழுந்து அழுத்தும்.

வீட்டிலேயே அளக்கலாம். கெட்டியான படிக்கட்டில் ஓர் அட்டைப்பெட்டித் துண்டை வைத்து, முழங்காலை உயர்த்திச் சற்று முன்சாய்ந்து ஒரு நிமிடம் உட்காருங்கள். பதிந்த இரு குழிகளின் மையத்துக்கு மையம் அளந்து, அதோடு 2 முதல் 3 சென்டிமீட்டர் கூட்டுங்கள். ஏறக்குறைய அந்த அகலமுள்ள, நடுவில் பள்ளம் விட்ட சீட்டைத் தேடுங்கள். 143, 155 மில்லிமீட்டர் அளவுகள் கடைகளில் பரவலாகக் கிடைக்கும்.

பிறகு எட்டும் தூரம்

ஹேண்டல் எட்டாமல் நீண்டு படுத்தால் கழுத்தும் உள்ளங்கையும் பழி சுமக்கும். ஒவ்வொரு மாடலின் அளவு அட்டையிலும் ‘ரீச்’, ‘ஸ்டேக்’ என இரு எண்கள் இருக்கும். முன்னது பெடல் அச்சிலிருந்து முன்பக்கம் எவ்வளவு நீள்கிறது என்பதையும், பின்னது எவ்வளவு உயர்கிறது என்பதையும் சொல்லும். நெடுந்தூரத்துக்கு ரீச் குறைவாகவும் ஸ்டேக் அதிகமாகவும் உள்ள ‘எண்டியூரன்ஸ்’ வகை ஏற்றது.

ஹேண்டலின் அகலம் தோள் அகலத்தை ஒட்டி இருக்கட்டும். என் தோள் 37 சென்டிமீட்டர். நான் வாங்கியதில் இருந்த ஹேண்டல் 42! பிரேக் பிடி விரலுக்கு எட்டாவிட்டால் கடைக்காரரிடம் சொல்லுங்கள். பெரும்பாலானவற்றில் அதை அருகில் கொண்டுவரத் திருகாணி உண்டு. உயரம் குறைந்தவர்கள் 165 மில்லிமீட்டர் கிராங்க் கேட்கலாம்.

நம் சாலைக்கு ஏற்றவை

செம்பனை லாரிகள் ஓடும் பழைய தோட்டச் சாலைகளில் குழியும் சரளையும் அதிகம். 28 முதல் 32 மில்லிமீட்டர் டயரில் காற்றைச் சற்றுக் குறைத்து ஓட்டினால் அதிர்வு குறையும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைப்பக்கம் ஏற நினைப்பவர்கள், முன்சக்கரப் பல் 34, பின்சக்கரப் பல் 34 வரை உள்ள கியரைக் கேளுங்கள். முழங்கால் தப்பும்.

நம் வெயிலில் வியர்வையும் உராய்வும் புண்ணாக்கும். திண்டு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். இதைச் சொல்லத் தயங்கி, வலியோடு ஓட்டுபவர்கள் பலர்.

கடைக்குப் போகும்போது

அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெடல் கீழே இருக்கையில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். சீட் உயரத்துக்கு இதுவே எளிய சோதனை. ஏற்கெனவே சைக்கிள் இருந்தால் புதிது வாங்க அவசரம் வேண்டாம். சீட், ஹேண்டல், அதைத் தாங்கும் ஸ்டெம் ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகும் மரத்துப்போதல் நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதே சரி.

நான் அந்த மூன்றையும்தான் மாற்றினேன். துணிக்கம்பி மறுபடி சைக்கிள் ஆனது. அண்மையில் சுங்கை சிப்புட் வழியாகக் கோலகங்சார் வரை மிதித்துப் போய், 1877இல் நடப்பட்டவற்றுள் எஞ்சி நிற்கும் ரப்பர் மரத்தைப் பார்த்துவிட்டு வீடு திரும்பினேன். கை மரக்கவில்லை. அடுத்த இலக்கு, பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் ரண்டோனியர் பயணம். பாட்டி இருந்திருந்தால், சீட்டின் உயரத்தைத்தான் முதலில் கேட்டிருப்பார்.