லேப்டாப் ஏன் இரைகிறது?

பழைய லேப்டாப்பை இயக்கிய சிறிது நேரத்திலேயே விசிறி உறுமத் தொடங்கினால், விசிறி போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் விசிறி நன்றாகத்தான் இருக்கும். அது தள்ளும் காற்று வெளியேற வழியில்லை, சூடும் இறங்கவில்லை, அதனால்தான் அத்தனை வேகமாகச் சுற்றுகிறது. வழி எங்கே அடைபட்டிருக்கிறது என்று தெரிய, வெப்பம் பிறக்கும் இடத்திலிருந்து அதன் கூடவே போய்ப் பார்க்க வேண்டும்.

2011-இல் வந்த மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும் அந்த ஆண்டுதான். அப்போது வெளியான இன்டெல் கோர் ஐ5-2520எம் சில்லு 35 வாட் வகையைச் சேர்ந்தது. சில்லு வாங்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகிவிடும். 35 வாட் பெரிய அளவில்லைதான். ஆனால் அது பிறக்கும் சிலிக்கான் துண்டின் பரப்பு ஒன்றரைச் சதுர சென்டிமீட்டர். அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 23 வாட். 1,000 வாட் இஸ்திரிப்பெட்டியின் அடித்தகடு 200 சதுர சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் அங்கே வருவது 5 வாட்தான். இந்தச் சூட்டை உடனுக்குடன் அப்புறப்படுத்தாவிட்டால் வெப்பநிலை 100 டிகிரியை எட்டும். சில்லு தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ‘பழசாகிவிட்டது, ரொம்ப ஸ்லோ’ என்று ஓரங்கட்டப்படும் லேப்டாப்புகளில் சில உண்மையில் வெந்துகொண்டிருப்பவை.

சில்லின் மேல் ஒரு தாமிரத் தகடு அழுந்தியிருக்கும். இரண்டும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நடுவே நுண்ணிய பள்ளங்களும் அவற்றில் காற்றும் உண்டு. அந்தக் காற்றை வெளியேற்றத்தான் தெர்மல் பேஸ்ட். தாமிரத்தின் வெப்பங்கடத்தும் திறன் சுமார் 400 என்றால் நல்ல பேஸ்ட்டுக்கு அது பத்துக்குள்தான் இருக்கும், காற்றுக்கோ 0.026. ஆகவே பேஸ்ட்டை அப்பி வைப்பதில் லாபமில்லை. பள்ளம் நிரம்பினால் போதும்.

தகட்டிலிருந்து ஓரத்துக்கு ஓடும் தட்டையான தாமிரக் குழாய்தான் இந்த ஏற்பாட்டிலேயே அழகான பகுதி. பார்வைக்குக் கெட்டிக் கம்பி. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில துளி நீர் விட்டு அடைத்திருப்பார்கள். அழுத்தம் மிகக் குறைவாக இருப்பதால் 40 டிகிரியிலேயே நீர் ஆவியாகும். ஆவி குளிர்ந்த முனைக்குப் பாய்ந்து, அங்கே வெப்பத்தை விட்டு நீராகி, உட்சுவரில் படிந்துள்ள நுண்துளைத் தாமிரத்தின் வழியே ஊறித் திரும்பும். ஒரு கிராம் நீர் ஆவியாக சுமார் 2,400 ஜூல் தேவை. அந்தக் கணக்கில் 35 வாட்டைச் சுமக்க நிமிடத்துக்கு ஒரு கிராம்கூட வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ரிச்சர்ட் காக்லர் 1944-இல் காப்புரிமை பெற்ற யோசனை இது. 1963-இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தின் ஜார்ஜ் குரோவர் தனியாக மீண்டும் இதைக் கண்டடைந்த பிறகுதான் உலகம் கவனித்தது. மின்சாரமோ அசையும் பாகமோ இல்லாத இந்தக் குழாய் எளிதில் கெடாது. கழற்றும்போது வளைத்துவிட்டால் மட்டும் போச்சு.

குழாயின் மறுமுனையில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக நிற்கும். விசிறி நடுவில் காற்றை இழுத்துப் பக்கவாட்டில் இவற்றின் இடையே தள்ளும். அடைப்பு இங்கேதான். காற்றோடு வந்த தூசியும் நூல் பிசிறும் தலைமுடியும் தகடுகளின் உட்பக்க வாயில் சிக்கி, வருடக்கணக்கில் சேர்ந்து, கெட்டியான சாம்பல்நிறத் திரையாகிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் துவாரம் சுத்தமாகவே தெரியும். அதனால் வெளியே பிரஷ் போடுவது வீண். ப்ளோயரால் துவாரம் வழியே ஊதினால் திரை பின்னால் நகர்ந்து விசிறிக்குள் விழும். இயக்கியதும் பழைய இடத்துக்கே வந்து சேரும்.

ஆகவே திறந்துதான் ஆக வேண்டும். முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். உள்ளேயே பொருத்திய மாடலானால் அதன் கனெக்டரை எடுத்துவிடுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் கைவைக்காமல் கடைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். திருகுகளின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். குட்டை வர வேண்டிய இடத்தில் நெட்டையை முறுக்கினால் பலகையைத் துளைத்துவிடும். ஒரு காகிதத்தில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் ஒட்டிவைத்தால் குழப்பமில்லை. சில மாடல்களில் விசிறி மட்டும் தனியாக வரும். அதை எடுத்ததும் அந்தத் திரை தெரியும்; இடுக்கியால் பிடித்து இழுத்தால் பெரும்பாலும் ஒரே துண்டாக வந்துவிடும். மிச்சத்தை ஊதும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ப்ளோயரின் வேகத்தில் சுழன்றால் பேரிங் தாங்காது.

தாமிரத் தகட்டையும் சேர்த்து எடுக்க நேர்ந்தால் பழைய பேஸ்ட்டை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக இட்டே ஆக வேண்டும். தகட்டின் திருகுகளில் பொறித்திருக்கும் எண் வரிசைப்படி கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பக்கத்துச் சிறு சில்லுகளின் மேலுள்ள மெத்தென்ற பட்டைகளை மட்டும் அப்படியே விட்டுவிடுங்கள். அவை அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் இடைவெளியை நிரப்புபவை. அங்கே பேஸ்ட் எட்டாது.

இத்தனைக்குப் பிறகும் சத்தம் வந்தால் காதைக் கொடுத்துக் கேளுங்கள். உஸ்ஸென்ற இரைச்சல் காற்றுடையது. கரகரவென்றோ கடகடவென்றோ கேட்டால் பேரிங்கில் எண்ணெய் வற்றிவிட்டது. ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் கொஞ்ச காலம் ஓட்டும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களும் உண்டு; அது நாளடைவில் பிசினாகி விசிறியையே நிறுத்திவிடும். எப்படியும் புது விசிறிதான் சரியான தீர்வு. சென்னையில் ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பாமல் பழைய விசிறியையே கையில் எடுத்துச் செல்வது நல்லது. ஒரே மாடலிலும் தனி கிராபிக்ஸ் சில்லு உள்ளதற்கு ஒன்று, இல்லாததற்கு ஒன்று என்று விசிறி மாறக்கூடும். ஸ்டிக்கரில் உள்ள எண், கனெக்டரில் உள்ள ஒயர்களின் எண்ணிக்கை, திருகுத் துளைகள் மூன்றும் பொருந்தினால் வாங்கலாம்.