மார்கழியில் ஒரு நாள் குசினிக்கு

மாரிமழை ஓய்ந்து கிணறுகள் நிறைந்து மார்கழி முடியும் நேரம் வந்தால், தீவக வீடுகளில் ஒரு வேலை தொடங்கும். குசினியிலுள்ள சட்டி, பானை, பேணி, போத்தல் எல்லாவற்றையும் முற்றத்தில் இறக்கி, சுவரில் கரி தட்டி, தேய்த்துக் கழுவிக் காயவைத்து, திரும்ப அடுக்குவதே அந்த வேலை. ஊர்காவற்றுறை, வேலணை, நயினாதீவு, நெடுந்தீவு என்று எங்கும் எங்கள் அம்மாமார் இதைச் செய்து வந்தார்கள்.

இதற்குப் பொங்கல் ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணம். எங்கள் தீவுகளில் ஆறு இல்லை. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழைதான் சுண்ணக்கல் நிலத்துக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. ஆடி, ஆவணி வரும்போது பல கிணறுகள் உவராகி விடும். ஆகவே தண்ணீர் தாராளமாக உள்ள காலத்திலேயே பெரிய கழுவலை முடித்து விடுவது எங்கள் முன்னோரின் கணக்கு.

எனக்கு இந்தப் பழக்கம் நடுவில் இருபது வருடங்களுக்கு மேல் விட்டுப் போயிற்று. 1990 இல் தீவகத்தில் படைநடவடிக்கை தொடங்கியபோது வேலணையிலிருந்து யாழ்ப்பாண நகரப் பக்கம் போனோம். 1995 ஐப்பசியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்கும், பிறகு வன்னிக்கும் போனோம். 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம். 2010 இல் ஊருக்குத் திரும்பினோம். வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. குசினி இருந்த இடத்தில் அம்மிக்கல் மட்டும் கிடந்தது. பாரம் என்றபடியால் ஒருவரும் தூக்கவில்லைப் போலும்.

பின்னர் வீட்டுத் திட்டத்தில் ஒரு சிறிய கல்வீடு கிடைத்தது. குசினிச் சுவரில் மூன்று சீமெந்துத் தட்டுகள் கட்டித் தந்தார்கள். ஆனால் இரண்டு வருடமாக அந்தத் தட்டுகள் வெறுமையாகவே இருந்தன. நிவாரணத்தில் கிடைத்த சட்டிகளும், பேணிகளும், அரிசி, மா, சரக்கும் உரப்பைகளிலும் வாளிகளிலும்தான் கிடந்தன. சமைக்கும்போது எடுப்பேன். கழுவித் துடைத்துத் திரும்பவும் பைக்குள் வைத்துக் கட்டி விடுவேன். இதை ஒரு பழக்கம் என்றுகூட நான் நினைக்கவில்லை.

ஒரு மார்கழியில் மாமிதான் கேட்டா. “பிள்ளை, இன்னும் எந்த ஊருக்கு ஓடப்போறாய்? இந்தப் பொங்கலுக்கும் சாக்குக்குள்ள இருந்துதான் பானை எடுக்கப்போறியோ?”

எனக்குக் கோபம் வந்தது. ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அன்றிரவு படுத்திருந்து யோசித்தபோதுதான் விளங்கியது, ஓட்டம் நின்ற பிறகும் என் கைகள் ஓட்டத்துக்கு ஆயத்தமாகவே இருந்திருக்கின்றன. சகோதரிகளே, உங்களிலும் பலருடைய குசினி இன்னும் பைக்குள் இருக்கலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அடியெடுத்துக் கணக்கிட்ட பெண்

வருடத்துக்கு ஒரு முறை குசினியைத் தட்டிக் கழுவுவது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கமல்ல. யப்பானில் வருட முடிவில் வீடு முழுவதையும் துப்புரவு செய்வார்கள். பழைய காலத்தில் டிசம்பர் 13 ஆம் திகதியை அடுப்புக்கரி தட்டும் நாளாகவே வைத்திருந்தார்கள். ஈரான் நாட்டவர் பங்குனியில் வரும் நவ்ரூஸ் புத்தாண்டுக்கு முன் செய்யும் துப்புரவுக்கு ‘வீட்டைக் குலுக்குதல்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

குசினியை ஒழுங்குபடுத்துவதைப் பற்றிப் பேசும்போது ஒரு பெண்ணைச் சொல்லாமல் விட முடியாது. அவர் பெயர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி. ஒஸ்ரியா நாட்டவர், கட்டடக் கலைஞர். முதலாம் உலகப் போரின் பின் ஜேர்மனியில் வீடில்லாதோர் பெருகினர். பிராங்பேர்ட் நகரசபை கட்டிய குடியிருப்புகளுக்காக 1926 இல் அவர் ஒரு சிறிய குசினியை வரைந்து கொடுத்தார். சமைக்கும் பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை தரம் திரும்புகிறாள் என்று கணக்கிட்டு, அந்த நடையைக் குறைக்கும் விதமாகப் பொருட்களுக்கு இடம் வைத்தார். அரிசி, மா, சீனி போன்றவற்றுக்குப் பெயர் பொறித்த அலுமினியப் பெட்டிகள் வைத்தார். அப்படியான குசினிகள் ஏறத்தாழ 10,000 கட்டப்பட்டன. பின்னாளில் நாசிகளை எதிர்த்ததற்காக அவர் சிறையிலும் இருந்தார்.

ஒழுங்கு என்பது விருந்தினர் பார்த்து மெச்சுவதற்கல்ல, வேலை செய்கிறவளின் காலும் இடுப்பும் தேய்ந்து போகாமல் இருப்பதற்கே என்பது அவர் வேலையிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். தனியே குடும்பத்தைச் சுமக்கும் எங்களுக்கு இது இன்னும் பொருந்தும்.

நான் செய்த முறை

முதலில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பாயில் பரப்பினேன். ஓட்டையான வாளி, மூடி இல்லாத பேணி, காலாவதியான பால்மாப் பெட்டி என்று ஒரு குவியல் சேர்ந்தது. இல்லாமல் இருந்து பழகியவர்களுக்கு எதையும் எறிய மனம் வராது. “நாளைக்கு உதவும்” என்று தோன்றும். நான் ஒரு கேள்வியை வைத்துக் கொண்டேன். கடந்த பொங்கலிலிருந்து இன்றுவரை இதை ஒருமுறையாவது தொட்டேனா? இல்லையென்றால், தேவையுள்ள அயல்வீட்டுக்குக் கொடுத்தேன், அல்லது எறிந்தேன்.

இரண்டாவது, மேலிருந்து கீழே வந்தேன். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, முதலில் கூரையின் ஒட்டறை, பிறகு சுவர்க்கரி, தட்டு, கடைசியில் நிலம். நிலத்தை முதலில் கழுவினால் இரண்டு வேலையாகும். பித்தளைக்குப் பழம்புளியும் சாம்பலும் போதும். ஒரு விடயத்தை மறக்க வேண்டாம். குளோரின் தூளைத் தேசிக்காய்ப் புளியுடனோ வினாகிரியுடனோ கலக்கக் கூடாது. அதிலிருந்து எழும் வாயு நெஞ்சுக்கு ஆபத்தானது.

மூன்றாவது, பொருட்களை வேலைக்கு ஏற்பப் பிரித்தேன். தினமும் தேவையான உப்பு, தூள், மஞ்சள், எண்ணெய், அகப்பை ஆகியவை அடுப்புக்குப் பக்கத்தில் கையெட்டும் தட்டில் இருக்கின்றன. இடியப்ப உரல், புட்டுக்குழல், நீத்துப்பெட்டி ஒன்றாக இருக்கின்றன. அரிசியும் மாவும் கீழே, ஆனால் நிலத்தில் முட்டாமல் பலகையின் மேல். எப்போதாவது எடுக்கும் பெரிய பானை மேல்தட்டில். முன்பு ஒரு புட்டு அவிப்பதற்கு மூன்று பைகளை அவிழ்ப்பேன். இப்போது ஒரே இடத்தில் நின்று முடிக்கிறேன்.

நான்காவது, ஈரம். கடற்காற்றில் எல்லாம் கசியும். ஒடியல்மா, புழுக்கொடியல், செத்தல் மிளகாய் ஆகியவற்றை நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறிய பிறகே போத்தலில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அரிசிக்குள் காய்ந்த வேப்பிலை போட்டால் வண்டு குறையும். உப்பைத் தகரத்தில் வைக்காமல் மண்சட்டியிலோ கண்ணாடிப் போத்தலிலோ வையுங்கள்.

ஐந்தாவது, ஆபத்தானவை. மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைப்பது எங்களில் பலரின் பழக்கம். பிள்ளைகள் தண்ணீர் என்று குடித்து விடுவார்கள். அதற்கென ஒரு கலனை வைத்துப் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தோட்ட மருந்து குசினிக்குள் வரவே கூடாது. வளவு துப்புரவு செய்யும்போது கிடைக்கும் பழைய இரும்புக் கோதுகளையும் பெட்டிகளையும் சாமான் வைக்க எடுக்க வேண்டாம். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாமல் விலகி, கிராம சேவையாளருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

கடைசியாகப் புகை. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது, விறகை விட்டவர்களும் விறகுக்குத் திரும்பினார்கள். அடுப்புப் புகை போன்ற வீட்டுக் காற்று மாசினால் 2020 இல் உலகம் முழுவதும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. விறகை நன்றாக உலர்த்துங்கள். அடுப்புக்கு நேரே உள்ள யன்னலை மறைத்துச் சாமான் அடுக்காதீர்கள். பானையை மூடிச் சமையுங்கள். இவற்றுக்குக் காசு தேவையில்லை.

ஒரு கோப்பை

எல்லாம் முடிய, பாயில் ஒரு எனாமல் சோற்றுக் கோப்பை மிஞ்சியது. என் கணவருடையது. 2009 இற்குப் பிறகு அவரைப் பற்றித் தகவல் இல்லை. மெனிக்பாமிலிருந்து அதை நான் பைக்கு அடியில் வைத்தே கொண்டு வந்தேன். மாமிக்கு முன்னால் அதை எடுக்கப் பயம். மாமி அதைக் கையில் எடுத்தா. சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினா. மற்றக் கோப்பைகளோடு நடுத்தட்டில் நிமிர்த்தி வைத்தா. “அவன்ரை கோப்பை அவன்ரை இடத்தில இருக்கட்டும்” என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பொருள் இருக்கும். அதை எறியுங்கள் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒளித்து வைக்கவும் வேண்டியதில்லை. அதற்கும் ஓரிடம் கொடுங்கள்.

ஒரே ஒரு பை

பையை முற்றாக மறந்துவிடவும் கூடாது. 2008 இல் நிசா புயலும் 2025 கார்த்திகையில் டித்வா புயலும் எங்களுக்கு அதை நினைவூட்டின. ஆகவே ஒரு பை மட்டும் கட்டி வைத்திருக்கிறேன். அதற்குள் அடையாள அட்டை, பிறப்பு, இறப்புச் சான்றிதழ்கள், காணிப் பத்திரம், கிளினிக் அட்டை, காணாமல் போனவர் தொடர்பான முறைப்பாட்டுப் பிரதிகள், வங்கிப் புத்தகம் ஆகியன பிளாஸ்ரிக் உறையில் இருக்கின்றன. முன்பு இவற்றையும் மாப்பேணிக்குப் பக்கத்தில்தான் வைத்திருந்தேன். கடதாசிக்கு அடுப்படி ஏற்ற இடமல்ல. பை இப்போது படுக்கையறை அலுமாரியில் இருக்கிறது. எங்கே இருக்கிறதென்று பிள்ளைகளுக்கும் தெரியும்.

அந்தத் தைப்பொங்கலுக்குப் பானையைத் தட்டிலிருந்து எடுத்தேன். உரப்பைகளைத் தோய்த்துக் காயவைத்து மடித்து வைத்தேன். இப்போது அவற்றில் ஊமலும் பன்னாடையும் சேர்க்கிறேன், அடுப்பெரிக்க.

சகோதரிகளே, இந்த மார்கழியில் ஒரு நாளை உங்கள் குசினிக்கு ஒதுக்குங்கள். தனியே செய்யக் கஷ்டமென்றால் அயலிலுள்ள இருவர் சேர்ந்து இன்று உங்கள் வீடு, நாளை அவர் வீடு என்று முறை வைத்துச் செய்யலாம். எல்லாத் தட்டையும் ஒரே நாளில் நிரப்ப வேண்டியதில்லை. ஒரு பையை அவிழ்த்துத் தொடங்கினால் போதும்.