பென்சில் முனையில் பாஷோவின் பாதை

ஜப்பானில் 2006-இல் வெளியான ஒரு புத்தகம் வாசகரைப் படிக்கச் சொல்லவில்லை, எழுதச் சொன்னது. ஹைக்கூ கவிஞர் மாட்சுவோ பாஷோவின் பயண நூலான 'ஓகு நோ ஹோசோமிச்சி' முழுவதும் அதில் வெளிர் நிறத்தில் அச்சாகியிருந்தது. பென்சிலை எடுத்து அதன்மேலேயே எழுதிக்கொண்டு போக வேண்டியதுதான். 'என்பிட்சு தே ஓகு நோ ஹோசோமிச்சி' என்ற அந்தப் புத்தகம் பல லட்சம் பிரதிகள் விற்றது. பழைய இலக்கியங்களை எழுதிப் பழகும் ஏடுகள் அதைத் தொடர்ந்து வரிசைகட்டி வந்தன.

இத்தகைய ஏடுகளுக்கு ஒரு தேவையும் இருந்தது. கணினியும் கைப்பேசியும் வந்தபின் ஜப்பானியர் பலருக்குக் கான்ஜி எனும் சீன வழி எழுத்துகளைப் பார்த்தால் படிக்க வருகிறது, எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. 2012-இல் அந்நாட்டுப் பண்பாட்டு முகமை வெளியிட்ட கருத்துக்கணிப்பில், கான்ஜியைப் பிழையின்றி எழுதும் திறன் குறைந்துவிட்டதாகச் சொன்னவர்கள் 66.5 சதவீதம். பத்தாண்டுகளுக்கு முன் அது 41.3 சதவீதமாக இருந்தது.

மரபான தூரிகை எழுத்து என்றால் மைக்கல், மை அரைத்தல், தாள் விரித்தல் என்று ஏற்பாடுகள் அதிகம். பென்சிலுக்கு அதெல்லாம் வேண்டாம், தப்பினால் ரப்பர் இருக்கிறது. ஆனாலும் தூரிகையின் ஒழுங்கு பென்சிலிலும் தொடர்கிறது. நூலின் முதல் எழுத்து நிலவைக் குறிப்பது. மொத்தம் நான்கே கோடுகள். இடப்புறம் மேலிருந்து இறங்கும் முதல் கோட்டை, கீழே வரும்போது அழுத்தம் தளர்த்தி இடதுபக்கம் வீசி விட வேண்டும். இது 'ஹராய்'. இரண்டாவது கோடு வலப்புறம் ஓடி, மடங்கி, இறங்கி, அடியில் உள்நோக்கிச் சுண்டும். இது 'ஹானே'. முடிவில் கையை அழுத்தி நிறுத்தினால் 'டோமே'. உள்ளே இரண்டு கிடைக்கோடுகள் போட்டால் எழுத்து முடிந்தது.

இந்த நிதானம் பயண நூலுக்கு நன்றாகப் பொருந்துகிறது. 1689-இல் சீடர் சோராவுடன் எடோவை (இன்றைய டோக்கியோ) விட்டுக் கிளம்பிய பாஷோ, வடக்கே ஹிராய்சுமி வரை போய், மேற்குக் கடற்கரை வழியாக ஓகாகி வந்து சேர்ந்தார். சுமார் 2,400 கிலோமீட்டர், பெரும்பாலும் நடை. மாட்சுஷிமா தீவுகளின் அழகைப் பக்கம் நிறைய வர்ணிக்கும் அவர், அங்கே தம் ஹைக்கூ ஒன்றைக்கூடத் தரவில்லை, சோராவுடையதைத்தான் தருகிறார். கண்ணால் மட்டும் படிப்பவர் இதைத் தாண்டிப் போய்விடக்கூடும். வரி வரியாக எழுதி வருபவரின் கை, கவிதை வரவேண்டிய இடத்தில் அதைத் தேடும்.

எழுதியவர்கள் அந்த ஊர்களைப் பார்க்கப் போவதும் உண்டு. ஹிராய்சுமியில் வீரன் யோஷிட்சுனே மாண்டது 1189-இல். சரியாக ஐந்நூறு ஆண்டு கழித்து பாஷோ அங்கே நின்றார். அவர் கண்ட பொன் மண்டபம், 1124-இல் கட்டியது, இன்றும் இருக்கிறது. மேற்குக் கடற்கரையிலுள்ள கிசாகாட்டாதான் அடையாளமே மாறிவிட்டது. அவர் படகில் சுற்றிய காயல், 1804 நிலநடுக்கத்தில் தரை மேலெழுந்து வறண்டது. அன்றைய தீவுகள் இப்போது வயல்களுக்கு நடுவே மேடுகளாக நிற்கின்றன.

ஒன்றை மறக்கக் கூடாது. ஏட்டில் இருப்பது பாஷோவின் கையெழுத்தல்ல, இக்காலக் கையெழுத்துக் கலைஞர் ஒருவருடையது. பாஷோ காலத்துக் கூட்டெழுத்தை இன்றைய ஜப்பானியர் பெரும்பாலோரால் படிக்கவே முடியாது. அவரே எழுதியதாக அறிஞர்கள் 1996-இல் அறிவித்த சுவடியில், எழுபதுக்கும் மேற்பட்ட இடங்களில் தாள் துண்டுகளை ஒட்டித் திருத்தியிருக்கிறார்.

ஜப்பானிய மொழி கற்பவர்கள் ஒலியெழுத்தான ஹிராகனாவும் சில நூறு கான்ஜியும் கைவந்தபின் இந்த ஏட்டைத் தொடங்குவது நல்லது. அதற்கு முன்னால் எழுதினால் அது எழுத்தாகாது, படம் வரைவதாகத்தான் இருக்கும். நடை பழையது என்பதால் இக்கால ஜப்பானிய உரை ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். நாளுக்கு அரைப் பக்கம் போதும். ஐந்து மாதம் நடந்ததை எழுதி முடிக்கப் பாஷோவுக்கே ஏறக்குறைய ஐந்து ஆண்டு ஆனது.